எள்ளுத்தாத்தாவும் 209 சென்டிமார்கனும்

காகிதத்தில் எனக்கு ஓர் எள்ளுத்தாத்தா இருந்தார். என் தாத்தாவின் அப்பா கொள்ளுத்தாத்தா. அவருக்கும் அப்பா இவர். பெயர் இரண்டே இடத்தில் வருகிறது. கொள்ளுத்தாத்தா வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் "இன்னார் மகன்" என்று ஒரு முறை. வேறொரு குடும்பத்தின் கையில் இருந்த பத்திரத்தில், வேறொருவருக்குத் தகப்பனாக இன்னொரு முறை. ஊரும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயரில் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்திருப்பார். பத்து வருஷமாக வம்சாவளிப் படத்தில் அவருடைய கட்டத்தைப் பென்சிலில்தான் வரைந்து வைத்திருந்தேன்.

என் கொள்ளுத்தாத்தாவும் இன்னொரு பத்திரத்தில் இருந்தவரும் அண்ணன் தம்பியா, தகப்பன்களுக்கு வெறும் பெயர்ப் பொருத்தமா? டிஎன்ஏ வைத்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஒன்றரை வருஷம் இழுத்தது. செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன், தப்புகளையும் சேர்த்து.

டிஎன்ஏ யார் பெயரையும் சொல்லாது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் "உன் எள்ளுத்தாத்தா இவர்தான்" என்று பதில் வரும் என நினைப்பவர்கள் நிறைய. வருவது ஒரு பட்டியல்: இன்னின்ன ஆட்களோடு உனக்கு இவ்வளவு டிஎன்ஏ பொது என்று. அளவு சென்டிமார்கனில்; எண் கூடக் கூட உறவு நெருக்கம். (பழ ஈக்களை வளர்த்து மரபணுக்களின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்த தாமஸ் ஹன்ட் மார்கனின் பெயர்.) பெயரைக் கொடுப்பது காகிதம். அந்தக் காகிதம் சொல்வது நடக்கக்கூடியதா என்று சோதிப்பதுதான் டிஎன்ஏவின் வேலை. அதனால் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே, "அவர்கள் அண்ணன் தம்பி என்றால் எவ்வளவு வர வேண்டும், இல்லை என்றால் எவ்வளவு" என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் செய்யவில்லை. முதல் தப்பு அங்கேதான்.

என் முடிவு வந்த அன்றைக்கே பட்டியலில் 142 சென்டிமார்கன் மேட்ச் (டிஎன்ஏ பொருந்தும் ஆள்) ஒருவர். அவர் போட்டிருந்த வம்சாவளியில் எள்ளுத்தாத்தாவின் பெயரும் இருந்தது. கிடைத்துவிட்டது என்று அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் செக்மென்ட் விவரத்தை, அதாவது பொது டிஎன்ஏ எத்தனை துண்டாக வந்திருக்கிறது என்பதை, திறந்தேன். 142 என்பது 16 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது; மிக நீளமான துண்டே 13. நெருங்கிய ஒற்றை உறவு என்றால் துண்டுகள் குறைவாகவும் நீளமாகவும் இருக்கும். இப்படிப் பொடிப்பொடியாக வந்தால், பல வழியில் தூரத்து உறவு என்று சந்தேகப்பட வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் எங்கே இருந்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. சில்லறை சேர்ந்து நோட்டு மாதிரி தெரியும்.

அம்மாவையும் சோதித்தேன். அந்த 142காரர் அம்மாவோடு 88, பின்னால் சோதித்த அத்தையோடு 61. ஆக, இரண்டு பக்கமும் உறவு. ஜெட்மேட்ச் என்பது பல கம்பெனிகளின் டிஎன்ஏ கோப்புகளை ஏற்றி ஒப்பிடும் தளம். அதில் ஒருவருடைய பெற்றோர் தங்களுக்குள் உறவா என்று பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதில் என் டிஎன்ஏ கோப்பை ஓட்டினால், என் அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் தூரத்துச் சொந்தம் என்று வந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம். அந்த மேட்சை ஓரம் கட்டினேன். அத்தைக்கு மறுபடி போன் போட்டு, சொன்னதை வாபஸ் வாங்கினேன். "ஒரு வாரம்கூட நிலைக்கலியே உன் எள்ளுத்தாத்தா" என்றார்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். மேட்ச் வரும் என்று வலை போட்டுக் காத்திருப்பது வேறு. கேள்விக்குப் பதில் யார் உடம்பில் இருக்கிறது என்று பார்த்து அவரைச் சோதிப்பது வேறு. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி டிஎன்ஏ உதிர்கிறது. எந்தப் பாதி உதிரும் என்பது குருட்டாம்போக்கு. கொள்ளுத்தாத்தா ஒருவரைப் பொதுவாகக் கொண்ட இரண்டாம் கசின்கள் இருவருக்குள் ஒன்றுமே பொதுவாக இல்லை என்பது நடக்காத கதை. அடுத்த படியில், மூன்றாம் கசின்களில் பத்துக்கு ஒரு ஜோடியாவது வெறுங்கையோடு வரும். நான்காம் படியில் பாதிக்குப் பாதி. அதனால் என்னைச் சோதிப்பதைவிட எனக்கு ஒரு படி மேலே இருப்பவரைச் சோதிப்பது எவ்வளவோ மேல். அப்பா இல்லை. அத்தை இருக்கிறார்.

எதிர்த்தரப்பில், அந்த இன்னொரு பத்திரத்தை வைத்திருக்கும் குடும்பம். அங்கே ஒருவர், பத்திரத்தில் இருந்தவருடைய மகன்வழிப் பேரன். என் ஊகம் சரி என்றால் எனக்கு முறைக்குச் சித்தப்பா. அவரைச் சித்தப்பா என்றே எழுதுகிறேன். இந்த வேலையில் நம் உறவுமுறைச் சொற்கள் உதவியும் செய்யும், ஏமாற்றவும் செய்யும். அப்பாவின் கூடப்பிறந்த தம்பியும் சித்தப்பா, அப்பாவின் கொள்ளுத்தாத்தா வழியில் வரும் தம்பியும் சித்தப்பா. முன்னவரோடு 1,700க்கு மேல் வரும், பின்னவரோடு 100 சொச்சம். வம்சாவளி கேட்கப் போகிறவர் "எந்தச் சித்தப்பா" என்று ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டும்.

இருவரிடமும் சம்மதம் வாங்கியது தனி வேலை. குழாயை நீட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, நாம் தேடாத உண்மையும் வெளியே வரலாம். யாரோ ஒருவர் யாருக்கோ பிள்ளை இல்லை என்றுகூட. இரண்டு, இந்தத் தகவல் நமக்கு மட்டும் சொந்தம் இல்லை, நம்மோடு ரத்தம் பகிர்ந்த எல்லோருக்கும் பங்கு உண்டு. 2018இல் கலிஃபோர்னியாவில் பல வருஷம் பிடிபடாத ஒரு கொலையாளியைப் போலீஸ் கண்டுபிடித்தது அவன் கொடுத்த டிஎன்ஏவால் அல்ல, அவனுடைய தூரத்துச் சொந்தங்கள் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் ஏற்றியிருந்ததால். மூன்று, எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடச் சொல்லலாம். சித்தப்பா ஒரு ராத்திரி யோசித்துவிட்டுச் சரி என்றார். அத்தை யோசிக்கவே இல்லை.

இந்த முறை முடிவு வருவதற்கு முன்பே நோட்டில் எழுதினேன். எண்களுக்கு மரபணு வம்சாவளி ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர் தொகுத்த ஷேர்டு சென்டிமார்கன் திட்டத்தின் 2020 பதிப்பு. கிட்டத்தட்ட 60,000 உறவு ஜோடிகளின் அளவுகளை மக்களே அனுப்பிச் சேர்த்தது. மக்களே அனுப்பியது என்பதால் ஓரங்களில் தப்பும் கலந்திருக்கும், சராசரி நம்பலாம். பத்திரத்தில் இருக்கும் இருவரும் ஒரு தாய் வயிற்று அண்ணன் தம்பி என்றால், அத்தையும் சித்தப்பாவும் இரண்டாம் கசின்: சராசரி 229, வீச்சு 41 முதல் 592 வரை. ஒரு தகப்பன் இரண்டு தாய் என்றால் சராசரி 120, வீச்சு 10 முதல் 325. உறவே இல்லை என்றால் பூஜ்யம், அல்லது 142காரர் மாதிரி பொடித் தூள்.

வந்தது 118. ஐந்து துண்டு, நீளமானது 41.

துண்டுகளின் நீளத்தைப் பார்த்ததும் உறவு நிஜம் என்று தெரிந்துவிட்டது. (நான் சித்தப்பாவோடு 31 மட்டும், இரண்டு துண்டு. என்னை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே நின்றிருக்கும்.) ஆனால் 118 எந்த உறவு? இரண்டு வீச்சுக்குள்ளும் உட்கார்கிறது. இரண்டு தாய்க் கணக்கின் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத் தீர்ப்பு எழுத முடியாது. 118 வரும் முழு இரண்டாம் கசின்கள் உலகத்தில் ஏராளம். அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே நான் முதலில் நினைக்கவில்லை. அண்ணன் தம்பியா இல்லையா என்றுதான் கேட்டிருந்தேன்.

இன்னும் மேலே ஏற வேண்டும். சித்தப்பாவின் அத்தை ஒருவர் உயிரோடு இருக்கிறார், வயது 86. இரண்டாவது பத்திரத்தில் இருப்பவருடைய சொந்த மகள். பேத்தி கூட இல்லை, மகள்! எனக்குப் பாட்டி முறை. இந்தத் துறையில் மூத்தவர்களை முதலில் சோதி என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கடைசியில் போனேன்.

பாட்டிக்கு வாய் உலர்ந்துவிடும். குழாயில் கோடு வரை நிரப்ப வேண்டும், அதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. நுரை கணக்கில் சேராது. இருபது நிமிஷம் துப்பியும் பாதிக் குழாய்தான். போதும் என்று நானே மூடி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து, மாதிரி போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை துப்பும் குழாயை விட்டுவிட்டு, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும் கிட் வாங்கினேன். காலையில் எழுந்து வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் சும்மா உட்காரவைத்து, ஒரு கன்னத்துக்கு ஒரு நிமிஷம் என்று கடிகாரம் பார்த்துத் தேய்த்தேன். "பல் தேய்க்கிற மாதிரி இருக்கு, பல்லுதான் இல்லை" என்றார் பாட்டி. இந்த முறை தேறியது. கிட் விற்ற கம்பெனி வேறு என்பதால், எல்லோருடைய மூலக் கோப்புகளையும் இறக்கி ஜெட்மேட்சில் ஏற்றி ஒரே தராசில் நிறுத்தேன். வெவ்வேறு கம்பெனிகளின் எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. சில இடங்களில் சின்னத் துண்டுகளைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறார்கள்.

அதோடு என் கொள்ளுத்தாத்தாவின் மகள் வழியில் ஒரு பேத்தியையும் சேர்த்துக்கொண்டேன். அப்பாவுக்கு அத்தை மகள், எனக்குச் சித்தி முறை. எதற்கு என்பது பின்னால்.

நோட்டில் எழுதியது: பாட்டிக்கும் அத்தைக்கும், முழு அண்ணன் தம்பிக் கணக்கில் சராசரி 433, வீச்சு 102 முதல் 980. இரண்டு தாய்க் கணக்கில் சராசரி 224, வீச்சு 62 முதல் 469. வந்தது 209. பாட்டிக்கும் சித்திக்கும் 187. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் 96.

முன்னால் வந்த 118ஐயும் சேர்த்து நான்கு எண்கள். ஒவ்வொன்றும் தனியாக முழு அண்ணன் தம்பி வீச்சுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நான்கும் பாதி சராசரியைச் சுற்றியே நிற்கின்றன, ஒன்றுகூட மேலே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாணயம் நான்கு தடவை பூவே விழுவது போல என்று நினைத்தேன். அதுவும் முழுசாகச் சரியில்லை: அத்தையும் சித்தியும் ஒரே மனிதரின் பேத்திகள், பாட்டியும் சித்தப்பாவும் ஒரே கிளை. நாலு சாட்சி என்று எண்ணுவது கொஞ்சம் ஏமாற்று; இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். டிஎன்ஏ பெயின்டர் தளத்தில் ஊகங்களை வரைந்து, எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒப்பிடும் கருவி இருக்கிறது. அதில் மூன்று ஊகங்களைப் போட்டேன்: முழு அண்ணன் தம்பி, தகப்பன் மட்டும் ஒன்று, பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள். நடுவில் இருப்பது தெளிவாக முன்னால் வந்தது. மூன்றாவது முழுக்க அடிபடவில்லை. அந்தக் கணக்கில் பாட்டிக்கும் அத்தைக்கும் சராசரி 122தான் வரவேண்டும், ஆனால் 209 அதன் வீச்சுக்கு வெளியே இல்லை.

இங்கே ஒரு கிறுக்குத்தனம் செய்யப் பார்த்தேன். தாய் வேறா என்பதுதானே கேள்வி, தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைச் சோதித்தால் தீர்ந்தது என்று கிட்டை ஆர்டர் செய்யும் பக்கம் வரை போய்விட்டேன். அட்டை எண்ணைத் தட்டும்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு பேரும் ஆண்கள். அம்மாவிடமிருந்து வாங்கினார்களே தவிர, பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களோடு போயிற்று.

ஒய் குரோமோசோம் அப்படி இல்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் வரும். கொள்ளுத்தாத்தாவிலிருந்து நான் நேர் ஆண்வழி, சித்தப்பாவும் அவர் பக்கத்து நேர் ஆண்வழி. ஒய்யில் 37 இடங்களை ஒப்பிடும் சோதனையில் 36 பொருந்தியது. பொதுத் தகப்பன் எத்தனை தலைமுறைக்கு முன் என்று இது சொல்லாது, பெரியப்பன் பிள்ளை என்ற மூன்றாவது ஊகத்தையும் வெளியே தள்ளாது. ஆனால் தாய் ஒன்று தகப்பன் வேறு என்று யாராவது கேட்டால், அந்தக் கதவு ஏறக்குறையச் சாத்தியாயிற்று.

இப்போது சித்தி. எக்ஸ் குரோமோசோமைப் பொறுத்தவரை ஓர் ஆணுக்கு அது அம்மாவிடமிருந்து மட்டும்தான். அவன் அதைத் தன் மகளுக்கு அப்படியே முழுசாகக் கொடுப்பான், மகனுக்குக் கொடுக்கவே மாட்டான். அதனால் அத்தை இதற்கு உதவ மாட்டார். அவர் என் தாத்தாவின் மகள், தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தாவின் எக்ஸ் வரவில்லை. பாட்டியிடம் அந்தத் தம்பியின் எக்ஸ் முழுசாக இருக்கிறது. சித்தியின் அம்மா கொள்ளுத்தாத்தாவின் மகள், அவரிடம் அந்த அண்ணனின் எக்ஸ் முழுசாக இருந்தது, அதில் பாதி அளவு சித்திக்கு வந்திருக்கும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தாய் என்றால், பாட்டியும் சித்தியும் எக்ஸில் சராசரியாகக் கால் பங்கு பகிர வேண்டும். ஜெட்மேட்சில் எக்ஸ் ஒப்பீட்டை ஓட்டினேன். பொருந்தும் துண்டு எங்கேயும் இல்லை. முழுப் பூஜ்யம்.

பூஜ்யம் முழு அண்ணன் தம்பிகளின் சந்ததியிலும் வரக்கூடியதுதான், அது மட்டும் இருந்தால் நம்ப மாட்டேன். 209, 187, 118, 96 எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது இதுவும் அதே பக்கம் சாய்கிறது.

பொது மேட்சுகளைப் பிரித்துப் பார்த்ததில் இன்னொரு தப்பு செய்தேன். பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக இருந்து, எங்கள் பக்கத்தில் ஒருவரோடும் பொருந்தாத 11 பேர் கொண்ட கூட்டம் ஒன்று இருந்தது. இவர்கள்தான் தம்பியின் தாய்வழிச் சொந்தம் என்று குதித்தேன். பாட்டியின் சொந்த அம்மாவின் உறவினர்களும் அதே கூட்டத்தில்தான் விழுவார்கள் என்பதை மறந்துவிட்டேன். அந்தக் கூட்டம் எதையும் நிரூபிக்காது. அத்தை, சித்தி, பாட்டி, சித்தப்பா நான்கு பேரோடும் பொருந்துபவர்களைத்தான் எள்ளுத்தாத்தா வழிச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஆறு பேர் தேறினார்கள். ஆறு பேரும் தங்களுக்குள்ளும் பொருந்துகிறார்கள், ஒரே கொத்து. அவர்களில் இருவர் வம்சாவளியில் எள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர் இருக்கிறது. ஒரு பெயர் ஒரு முறை என்னை ஏமாற்றியிருக்கிறது, அதனால் அதைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு காகிதத்துக்குத் திரும்பினேன். பத்திரங்களில் இருவரின் வயதும் இருந்தது, பத்து வருஷமாகக் கண் முன்னால். கணக்குப் போட்டால் இடைவெளி 14 வருஷம். இடையில் வேறு பிள்ளை எதுவும் பதிவில் இல்லை. மூத்த தாரம் இறந்து இளைய தாரம் கட்டிய வீட்டில் பார்க்கக்கூடிய இடைவெளிதான். டிஎன்ஏ சொல்லும் வரை இந்தக் கழித்தலை நான் செய்யவே இல்லை.

அத்தையிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை போனில் இல்லை, நேரில். அவர் எண்களைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க தாத்தா சின்னம்மா சின்னம்மான்னு ஒருத்தரைச் சொல்லுவார். சின்னம்மாதான் சோறு போட்டு வளர்த்தாங்கன்னு" என்றார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலியே."

சின்னம்மா என்றால் அப்பாவின் இளைய தாரம். அம்மாவின் தங்கையும் சின்னம்மாதான். மறுபடியும் அதே இடம். இளைய தாரமாக வந்தவர் மூத்தவரின் தங்கையாகவே இருந்தால் கணக்கு மாறும்: அண்ணன் தம்பி இருவரும் முழுக்கும் பாதிக்கும் நடுவில், முக்கால் உறவு. பாட்டிக்கும் அத்தைக்கும் அப்போது 330ஐ ஒட்டி எதிர்பார்க்க வேண்டும், எக்ஸிலும் பாட்டியும் சித்தியும் ஏதாவது பகிர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. 209உம் பூஜ்யமும் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கின்றன. ஆனால் தள்ளிவிடும் அளவுக்கு இல்லை.

எள்ளுத்தாத்தாவின் கட்டத்தைப் பேனாவால் வரைந்துவிட்டேன். அவருக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு கட்டம், இரண்டும் பென்சிலில், இரண்டிலும் பெயர் இல்லை. பாட்டிக்கு ஒரு தம்பி இருக்கிறார், வயது 79, தொலைவில். அவர் கன்னத்துக்கு ஒரு கிட் போயிருக்கிறது.